முதல் காட்சியில் சாகிறவன்

ஓடல தம்பி, நடந்துதான் வர்றேன். இந்த அங்கிய மாட்டிக்கிட்டு ஓட முடியுமா சொல்லுங்க, கால்ல தடுக்குது. கையத் தூக்கணுமா? இந்தா, தூக்கிட்டேன். ஒண்ணும் இல்ல பாருங்க. ஊரே பள்ளிக்கூட மைதானத்துல உக்காந்திருக்கிற நேரத்துல ஊருக்குள்ள நுழையறவன் திருடனாத்தான் இருப்பான்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. நியாயம்தான். ஆனா திருட வர்றவன் மிங் ராஜா காலத்து அதிகாரி வேஷம் கட்டிக்கிட்டா வருவான்?

சிரிங்க, பரவால்ல. தாடி பாதி ஒட்டியிருக்கு, பாதி பிய்ச்சிக்கிட்டு வந்துருச்சு. மூஞ்சில இருக்கிறது கரி, நாடகத்துக்குப் பூசினது. என் பேரு லுவோ. இந்த ஊர்தான். அந்த வளைவுக்கு மேல ஒரு வீடு தெரியுதா, முகப்புல சோளக்கதிர் கட்டித் தொங்குதே, அதான் நம்ம வீடு. வழிய மறிச்சிக் கட்டியிருக்கிற இந்த மூங்கிலக் கொஞ்சம் தூக்கி விட்டீங்கன்னா குனிஞ்சி போயிருவேன்.

தெரியும், தெரியும். ராக்கெட் தலைக்கு மேல போயி, அதுலருந்து கழண்டு விழ வேண்டியது விழுந்து, சங்கு ஊதின பிறகுதான் உள்ள விடணும். அந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். நீங்க பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியிலிருந்தே நாங்க வீட்டப் பூட்டிட்டு மைதானத்துல வந்து உக்காந்துக்கிட்டிருக்கோம்.

எதுக்குப் போகணுமா? அது வந்து... அடுப்பு. அடுப்புல நெருப்பு மூடினேனான்னு சந்தேகம். வீடு பூரா மரம் தம்பி. ராக்கெட் வந்து எரிக்கிறதுக்குள்ள என் அடுப்பே எரிச்சிரும் போல. என்னது, புகையே காணோமா? ஆமா, இங்கருந்து பாத்தா காணோம்தான். நல்ல கண்ணு உங்களுக்கு. சரி, அடுப்ப விடுங்க.

ஒரு சிகரெட் பிடிங்க. இந்த அங்கியில பை கிடையாது, கை மடிப்புல சொருகி வச்சிருந்தேன், கொஞ்சம் நசுங்கிருச்சு. டியூட்டியா? அப்ப காதுல சொருகிக்கங்க, அப்புறமா பத்த வைக்கலாம். உங்க பேரு? ரான். எந்தப் பக்கம்? ஆத்துக்கு அந்தாண்டையா? குடுத்து வச்சவங்க. உங்க ஊர்ல மழையும் பனியும்தான விழுது.

இல்ல, நாடகம் இன்னும் முடியல. நடந்துக்கிட்டுதான் இருக்கு, சத்தம் கேக்குதுல்ல. என் வேல முடிஞ்சிருச்சு. முதல் காட்சியிலேயே நான் செத்துப்போயிருவேன். அப்புறம் கடைசியில எல்லாரும் வரிசையா நின்னு கும்பிடு போடறப்ப போயி நிக்கணும், அவ்வளவுதான். நடுவுல என்னைத் தேட மாட்டாங்க. செத்தவனை யார் தேடறா?

பாத்ததே இல்லையா நீங்க? ஒவ்வொரு தடவையும் ஏதாச்சும் ஒரு கம்புக்குக் காவலா? பாவம்தான். மனுஷன் விண்வெளிக்குப் போன கதை அது. மாவட்டக் கலைக்குழு நாங்க. லாரியில சாமானை ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போவோம். ஆனா டவுன்ல எவன் கூப்பிடறான்? எங்கெங்க ராக்கெட்டுத் துண்டு விழுமோ அந்த ஊருங்கதான் எங்களுக்கு. முதல்ல எல்லாம் மைக்ல கத்துவாங்க, வெளிய வாங்க, வெளிய வாங்கன்னு. சனங்க அசைய மாட்டாங்க. மாடு கட்டியிருக்கு, அரிசி உலையில இருக்கு, குளிருது, எனக்கு எழுதினது எனக்குத்தான் விழும்னு வீட்டுக்குள்ளயே கிடப்பாங்க. அப்புறம்தான் மேல ஒரு பெரிய மனுஷனுக்கு யோசனை வந்துச்சு, கூத்து வச்சா வருவாங்கன்னு. சரி, கூத்து வைக்கட்டும், குரங்கு ராஜா கதைய வைக்கலாம், மாமியார் மருமக சண்டைய வைக்கலாம். விண்வெளிக் கதைதான் வேணும்னுட்டாரு. மேல போனவங்க பெருமைய, மேலருந்து விழறத வாங்கிக்கிறவங்கள உக்கார வச்சி சொல்லணுமாம். அப்பத்தான் எங்களுக்குப் பெருமையா இருக்குமாம்.

நான் கட்டறது வான் ஹூ வேஷம். நாற்காலிக்கு அடியில நாப்பத்தேழு வாணத்தக் கட்டி, ரெண்டு கையிலயும் பட்டத்தப் பிடிச்சிக்கிட்டு நிலாவுக்குப் போறேன்னு கிளம்பினானே, அந்த ஆளு. அப்படி ஒருத்தன் இருந்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கட்டுக்கதைன்னு படிச்சவங்க சொல்றாங்க. ஆனா அவனால பத்துப் பதினஞ்சு வருஷமா எனக்குச் சோறு. வேலக்காரங்க திரியக் கொளுத்துவாங்க, ஒரே புகை, பெரிய வெடி. புகை விலகினா நாற்காலியும் இல்ல, நானும் இல்ல. சனங்க மேல பாத்துக் கை தட்டுவாங்க. நான் மேடையில இருக்கிற ஓட்டை வழியா கீழ, வைக்கோல் மேல விழுந்து கிடப்பேன்.

அப்புறம் ரஷ்யாக்காரன் நாய் வரும். எங்க சமையல்காரர்தான் நாய் வேஷம், நல்லாத்தான் குலைப்பாரு. அது திரும்பி வராதுன்னு சொன்னதும் சின்னப் புள்ளைங்க அழும். அமெரிக்காக்காரன் நிலாவுல கால் வைக்கிறது ஒரு தும்மல் போடற நேரம். விளக்கு எரியும், கால் வைப்பான், விளக்கு அணையும். எங்க குழுத்தலைவர் ஷியோங் அதுக்கு மேல நேரம் குடுக்கல. அப்புறம் நம்ம செயற்கைக்கோள், நம்ம விண்வெளி வீரர், கொடி, பாட்டு. கடைசியில சாங்அ. புருஷன் வச்சிருந்த சாகாத மருந்தக் குடிச்சிட்டு, உடம்பு லேசாகி, தனியா நிலாவுக்குப் போயிட்டவ. அவ கதை எல்லாத்துக்கும் முந்தினது, முதல்லதான வரணும்? வரலாறுன்னா அப்படித்தான? ஷியோங் கேக்கல. பொண்ணு பறக்கறத முதல்லயே காட்டிட்டா பாதிப் பேர் எந்திரிச்சி வீட்டுக்குப் போயிருவான், கடைசியில வைன்னுட்டாரு. அந்த ஆளுக்கு வரலாறு தெரியாட்டியும் சனங்களைத் தெரியும்.

மைக்ல என்ன சொல்றாங்க? ராக்கெட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரமா? இங்க சரியாக் கேக்கல. காத்து அந்தப் பக்கம் அடிக்குது.

தம்பி, பன்னி ஒண்ணு இருக்கு. இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போடும். சத்தத்துல மிரண்டுச்சுன்னா குட்டி மேலயே படுத்துரும். போயி கொஞ்சம் தட்டிக் குடுத்துட்டு... ஆங்? செத்தா நஷ்டஈடு உண்டா? ஆமா, பன்னிக்கு உண்டு. சோளத்துக்கு உண்டு, கூரை ஓட்டுக்கு உண்டு, ஜன்னல் கண்ணாடிக்கு உண்டு. எனக்குத் தெரியாதா? போன வருஷம் எங்க மேட்டுக் கொல்லையில ஒரு தகரம் வந்து விழுந்துச்சு. கருகின சோளத்துக்கு ஒரு ஆளு வந்து, நல்லாப் பேசி, குடுக்க வேண்டியதக் குடுத்துட்டுத்தான் போனாரு. என் பொண்டாட்டிக்குத்தான் ஒண்ணும் இல்ல. ஏன்னா அவ மேல எதுவும் விழல, அவளே விழுந்தா. அதுக்குச் சட்டத்துல இடம் இல்லையாம்.

கேள்விப்பட்டதே இல்லையா? ஆத்துக்கு அந்தாண்ட வரைக்கும் வந்து சேந்திருக்காது. யின்ஹுவா. அவதான் சாங்அ. இப்ப மைக்ல பாடுதே, இந்தப் பொண்ணு இல்ல. இது பெங். யின்ஹுவா பாடினா மைக் வேண்டாம். சின்ன உடம்பு, எடையே கிடையாது. அதான் அவளப் பறக்க விட்டாங்க. இடுப்புல வாரு, முதுகுல கொக்கி, மேல ஒரு கப்பி, பின்னால ரெண்டு பேர் கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க. மூணு ஆள் உயரத்துக்கு ஏறுவா. உடுப்போட நீளக் கையை விரிச்சிக்கிட்டு, கீழ நிக்கிற புருஷனைப் பாத்துக்கிட்டே ஏறணும். மேடைப் புருஷனை. என்னை இல்ல. நான்தான் செத்துப்போயிட்டேனே.

இதெல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. ஷியோங்குக்கு ஒரு ஆசை வந்துச்சு. மேலருந்து ஆளுங்க வந்து பாக்கிற நாள் அது. ராக்கெட்டு நம்ம தலைக்கு மேல போற அதே நேரத்துல சாங்அவும் மேல போகணும்னாரு. அங்க அது, இங்க இவ. போட்டோவுல ரெண்டும் சேந்து விழணும். மைக்ல எண்ண ஆரம்பிச்சதும் தூக்கிட்டாங்க. தூக்கின பிறகு நிறுத்திட்டாங்க. அங்க ஏதோ கோளாறு, கொஞ்சம் பொறுங்கன்னு அறிவிப்பு. இறக்குங்கய்யான்னு வாத்தியக்காரர் சொல்லியிருக்காரு. வேண்டாம், இப்பக் கிளம்பிரும், அப்படியே பிடின்னு ஷியோங். அவ அங்கயே தொங்கறா. கைய விரிச்சிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு. பாட்டு முடிஞ்சி போச்சு, திரும்ப முதல்லருந்து வாசிச்சாங்க, அதுவும் முடிஞ்சி போச்சு. அந்த வாரு இடுப்ப எப்படி அறுக்கும்னு கட்டிப் பாத்தாத்தான் தெரியும். அவ சிரிப்ப மட்டும் விடல.

அப்புறம் வந்துச்சு. பொழுது சாயற நேரம், கீழ இருட்டு, மேல வெளிச்சம். அந்த நேரத்துல ராக்கெட்டு போனா எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்கள்ல? வாலை விரிச்சிக்கிட்டு, வானம் பூரா வெள்ளையா. ஊரே எந்திரிச்சி நின்னுருச்சு. எல்லா மூஞ்சியும் மேல. கயித்தப் பிடிச்சிருந்த ரெண்டு பேரும் பாத்தாங்க. அதுல ஒருத்தன் அட பாருடான்னு கையத் தூக்கிக் காட்டினான். கயித்தப் பிடிச்சிருந்த கைதான். பாரம் ஒருத்தன் மேலயே வரவும் இன்னொருத்தனும் விட்டுட்டான்.

ஒருத்தர் பாக்கல தம்பி. அவ விழுந்தத ஒருத்தர்கூடப் பாக்கல. நான் பின்னால தொட்டியில மூஞ்சி கழுவிக்கிட்டிருந்தேன், கண்ணு பூரா சோப்பு, மேலயும் பாக்கல, கீழயும் பாக்கல. பலகையில என்னமோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. அதுக்கு மேல கைதட்டல். ரொம்ப நேரம் தட்டினாங்க. ராக்கெட்டுக்கு.

உக்காரவா? வேண்டாம், நிக்கிறேன். நீங்க உக்காருங்க. உங்க மேல எனக்கு என்ன கோவம்? சரி, கோவம் இருக்கு. ஆனா அது உங்க பங்கு இல்ல.

அந்த ரெண்டு பேரா? இருக்காங்க, இன்னிக்கும் அவங்கதான் கயிறு. வந்து அழுதானுங்க. என்ன செய்யச் சொல்றீங்க, மேல பாத்தான்னு அடிக்க முடியுமா? மேல பாக்கத்தான நாடகமே நடத்தறோம். ஷியோங்கும் வந்தாரு, பழக்கூடை ஒண்ணு, பால் பெட்டி ஒண்ணு. கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அன்னிக்கி மேலருந்து வந்தவங்க நம்ம நாடகத்த எவ்வளவு பாராட்டினாங்க தெரியுமான்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. இவ இடுப்புக்குக் கீழ மரக்கட்டையாக் கிடக்கா. தலைவருக்கு டீ போட்டுக் குடுங்கன்னு என்கிட்ட சொல்றா. போட்டேன். அதுல எச்சில் துப்பியிருக்கணும். துப்பல.

அப்புறம் பெங் பொண்ணு வந்துச்சு. நல்ல பொண்ணுதான், அதக் குத்தம் சொல்ல மாட்டேன். சாங்அ உடுப்பத் துவைச்சி, இடுப்பப் பிடிச்சித் தச்சி, அதுக்குப் போட்டுட்டாங்க. இடுப்புல கட்டற நீலப் பட்டு மட்டும் எங்க வீட்ல இருந்துச்சு. அது யின்ஹுவா கல்யாணத்துக்குக் கட்டினது. குழு சாமானே இல்ல. தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. யின்ஹுவா குடுத்துட்டா. சிரிச்சிக்கிட்டே குடுத்தா. அந்தச் சிரிப்ப எங்க பழகினான்னு எனக்குத்தான் தெரியும். பொண்ணு போனதும் சுவத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பினவ ரெண்டு நாள் திரும்பல.

அரை மணி நேரம். இப்பக் கேட்டுச்சு.

அவளுக்கு என்னவா? மைதானத்துக்கு எப்படி வருவாளா? வந்தா. அடுத்த ராக்கெட்டுக்கு வந்தா. வீட்ல ஒருத்தரும் இருக்கக் கூடாதுன்னு சட்டமாச்சே. எங்க வீட்டுக் கதவக் கழட்டி, அது மேல மெத்தையப் போட்டு, நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. மரியாதையாம், முதல் வரிசையில வச்சாங்க. மேடைக்கு ஒட்டினாப்ல. ஷியோங் மைக்ல அவ பேரச் சொல்லி, நம்ம முதல் சாங்அ, எழுந்து நிக்க முடியாட்டியும் நம்மகூட இருக்காங்கன்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. அவளுக்குன்னு தட்டினது அன்னிக்குத்தான்.

அப்புறம் பெங் பறந்துச்சு. நேரா யின்ஹுவா தலைக்கு மேல. அந்த நீலப் பட்டோட முனை கீழ தொங்கி, காத்துல ஆடி, இவ மூஞ்சில பட்டுச்சு. ஒரு தடவை இல்ல. கைய எடுத்துத் தள்ளி விட்டா. திரும்ப வந்து பட்டுச்சு. சுத்தி உக்காந்திருந்தவங்க, அடடா, நிலாப்பொண்ணு ஆசீர்வாதம் பண்றான்னு சொல்றாங்க. எனக்கு அங்க இருந்த எல்லாரையும் நாற்காலியில கட்டி நாப்பத்தேழு வாணத்தையும் கொளுத்தலாமான்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. ராக்கெட்டு என் மேல விழுந்தா விழட்டும், அந்தத் துணி இனிமே என் மூஞ்சில படக்கூடாதுன்னா.

நீங்க கேக்கறது புரியுது. இப்ப எங்க இருக்கான்னுதான? டவுன்ல, அவங்க அக்கா வீட்ல. ராக்கெட்டுக்கு முந்தின நாளே அனுப்பி வச்சிருவேன். உங்க ஆளுங்ககிட்டயும் அதத்தான சொன்னேன், அவங்களும் ஆள் இல்லைன்னு கதவுல சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டுப் போனாங்க. நீங்களா போட்டது? ஓ, எங்க பக்கம் உங்க பங்கா.

அதான் கேக்கறீங்க, வீட்ல யாரும் இல்லைன்னா நான் எதுக்குப் போகணும்னு. அடுப்பும் இல்ல, பன்னியும் இல்ல. ஆமா, பன்னி எங்ககிட்ட கிடையவே கிடையாது, போன குளிருக்கே அறுத்தாச்சு. புகை போட்ட கறி தொங்குது, நாளைக்கு வாங்க, சோளச் சாராயத்தோட சாப்பிடலாம். கம்ப மட்டும் தூக்குங்க. நான் ஒருத்தன் செத்தா நாட்டுக்கு என்ன? நான் மாசத்துக்கு நாலு தடவை சாகிறவன்.

கோவிச்சிக்காதீங்க. கைய விடுங்க தம்பி. அங்கி கிழிஞ்சா ஷியோங் என்னையத்தான் கேப்பாரு. தள்ளாதீங்க. நான் போகல, இங்கதான் நிக்கிறேன்.

கால் மணி நேரம்னு சொல்லிட்டான்.

சரி. அவ டவுன்ல இல்ல தம்பி. அவளுக்கு அக்காவே கிடையாது. உள்ளதான் கிடக்கா. காலையில நீங்க கதவத் தட்டி, யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டப்ப, மூச்சப் பிடிச்சிக்கிட்டுக் கிடந்திருப்பா. வெளிய பூட்டுத் தொங்கிச்சுல்ல. பூட்டினது நான். அவ சொன்னா, பூட்டினேன். இந்தா சாவி.

அய்யோ, அந்த வாக்கி டாக்கிய எடுக்காதீங்க. அதுல சொன்னா என்ன நடக்கும்? நாலு பேர் ஓடி வருவாங்க, கதவக் கழட்டுவாங்க, தூக்குவாங்க. கால் மணியில மைதானம் போய்ச் சேருமா அந்தப் பலகை? பாதி வழியில, வெட்டவெளியிலதான் நிக்கும். போய்ச் சேந்தாலும் முதல் வரிசைதான். கதவு, சட்டம், உங்க வேலை, எல்லாத்தையும் நாளைக்குப் பேசிக்கலாம். என்னைய லாரியில ஏத்துங்க, வேலைய விட்டுத் தூக்குங்க, கையெழுத்து எங்க போடணுமோ போடறேன்.

தனியா பயந்துக்குவாளா? அவளுக்குப் பயம் இருந்தா நான் எதுக்கு இங்க நின்னு உங்ககிட்ட இவ்வளவு பொய் சொல்லிக்கிட்டிருக்கேன்?

வசந்தப் பண்டிகை முடிஞ்சி ஒரு ராக்கெட்டு போச்சே, அன்னிக்கிதான் முதல் தடவையா நடுவுல வந்து அவளப் பாக்கலாம்னு இருந்தேன், அப்ப இந்தப் பாதைக்குக் காவல் கிடையாது. நாற்காலியில நெசமாவே தீப்பிடிச்சிக்கிச்சு. அணைச்சிட்டு வர்றதுக்குள்ள நேரமாயிருச்சு. நான் வாசல்ல பூட்டத் திறக்கறேன், தலைக்கு மேல இடி மாதிரி சத்தம். உள்ள அவ குரல். யாரையோ கூப்பிடறா. சாயங்காலம் ஆத்துலருந்து வாத்தக் கூப்பிடுவோமே, செல்லமா, அப்படி. இந்தப் பக்கம் வா, இங்க, இந்தப் பக்கம், வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. கொஞ்ச நேரத்துல மலைக்கு அந்தாண்ட எங்கயோ ராக்கெட்டுத் துண்டு விழுந்த சத்தம் கேட்டுச்சு. உள்ள அழுதா. நான் வந்தது அவளுக்குத் தெரியாது, இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அடுத்த தடவை ஓட்டையில விழுந்த உடனே எந்திரிச்சி ஓடி வந்துட்டேன். கட்டில் ஓரமா உக்காந்தேன். எதுக்கு வந்தீங்க, போங்க, மைதானத்துக்குப் போங்கன்னு பிடிச்சித் தள்ளினா. போகல. சத்தம் ஆரம்பிச்சதும் என் கையப் பிடிச்சிக்கிட்டா, நகம் பதிஞ்சி ரத்தமே வந்துருச்சு. போயிரு, அந்தாண்ட போயிரு, இங்க வேண்டாம், இந்த ஆளு இருக்காரு இங்கன்னு கத்தினா. தொண்டை கட்டிப் போற வரைக்கும் கத்தினா.

அவ்வளவுதான் தம்பி. உள்ள போயி நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல, சும்மாதான் உக்காந்திருப்பேன். ஆனா நான் பக்கத்துல இருந்தாத்தான் அவ அத வேற பக்கம் போகச் சொல்லுவா.